நைலின் 'கல் வயிற்றில்' பழைய ஊர்களை எப்படித் தேடினார்கள்? நொய்யல் கரையில் நடப்பவர்களுக்கு அதில் எது பொருந்தும்?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கமுங்க. கொடுமணலிலிருந்து நொய்யல் காவிரியில் சேருகிற இடம் வரைக்கும் கரையோரமாக நடந்து, பழைய ஊர் இருந்த தடயங்களைக் குறித்து வைக்க எங்கள் பக்கத்து வாசகர் வட்டம் தயாராகிறது. மண்ணைக் கிளறப் போவதில்லை. பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது, வரைபடத்தில் புள்ளி வைப்பது, அவ்வளவுதான்.

போவதற்கு முன்னால் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நூபியாவைப் படித்துக்கொண்டு இருக்கிறோம். எகிப்தின் தென்கோடியும் சூடானின் வடபகுதியும் சேர்ந்த நைல் கரை நாடு அது. மழை இல்லாத நாடு, பாறை நிறைந்த ஆறு, கையகல விளைநிலம். அதற்குள் கெர்மா மாதிரி ஒரு நகரம் கி.மு. 2500 வாக்கிலேயே எழுந்திருக்கிறது. படிக்கப் படிக்கச் சில இடங்களில் முட்டி நிற்கிறோம்.

பத்ன் எல் ஹஜர் என்ற நீளமான பாறைப் பகுதியில் வரைபடங்கள் ஊர்களைக் குறைவாகவே காட்டுகின்றன. நிஜமாகவே ஆள் இல்லையா, இருந்த ஊர் அழிந்ததா, தேடியவர்கள் கண்ணில் படவில்லையா? இந்த மூன்றையும் எப்படிப் பிரித்து அறிவது? மண்சுவர் வீடு காற்றில் கரைந்த பிறகு தரையில் என்ன மிஞ்சும்? அப்புறம், கெர்மாப் பானையின் படத்தைப் பார்த்தால் மேலே கறுப்பு, கீழே சிவப்பு. நம்ம கொடுமணல் ஓடு மாதிரியே இருக்கிறது. இதை வைத்து ஏதாவது உறவு சொல்லலாமுங்களா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்க.

கரடுமேடு எழுதியது:

முதலில் பாறையைப் பாருங்க, ஊர் அப்புறம் வரும். அஸ்வானிலிருந்து கார்ட்டூம் வரை நைல் இரண்டு வகைப் பாறைமேல் மாறி மாறி ஓடுகிறது. மணற்பாறை உள்ள இடத்தில் ஆறு அகலமாகி இரு பக்கமும் வண்டல் தரையை விரிக்கும். கருங்கல்லும் அதன் இனத்துக் கடும்பாறையும் குறுக்கிடும் இடத்தில் பல கிளைகளாகச் சிதறி, திட்டுத் திட்டாகத் தீவுகளை விட்டு, பாறைமேல் உடைந்து ஓடும். அந்த இடங்களைத்தான் கேட்டரக்ட் என்கிறார்கள். மொத்தம் 6. வடக்கே அஸ்வானில் இருப்பது முதலாவது. அங்கிருந்து தெற்கு நோக்கி எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஆறு வடக்கே ஓடுவதால் முதலாவது என்பது கீழ்க்கோடி. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு படித்தால் எல்லாமே குழம்பும்.

பத்ன் எல் ஹஜர் என்றால் அரபியில் கற்களின் வயிறு. இரண்டாம் கேட்டரக்ட்டுக்குத் தெற்கே டால் வரைக்கும் சுமார் 150 கிலோமீட்டர். அங்கே விளைநிலம் என்பது பாறை இடுக்கில் வண்டல் தங்கிய திட்டுகள்தான். மூன்றாம் கேட்டரக்ட்டைத் தாண்டி டோங்கோலா பக்கம் போனால் ஆறு விரிந்து பெரிய வண்டல் படுகை கிடைக்கிறது. கெர்மா நகரம் அந்தப் படுகையின் வடக்கு முனையில் அமர்ந்திருப்பது தற்செயல் இல்லை. ஊருக்குச் சோறு போட மண் வேண்டும். வடக்கேயிருந்து வரும் எகிப்தியப் படகைத் தடுக்கப் பாறை வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்திருக்கிறது.

அடுத்தது வெள்ளம். நைலின் வெள்ளம் எத்தியோப்பிய மலை மழையால் வருவது. ஜூலையில் ஏறத் தொடங்கி, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் உச்சத்துக்குப் போய், அக்டோபருக்கு மேல் வடியும். வடிந்த ஈரத்தில் பார்லி, எம்மர் கோதுமை விதைத்தார்கள். அஸ்வான் உயரணை வருவதற்கு முந்தின கணக்கு இது. இதிலிருந்து ஊர் தேடுபவருக்கு ஒரு விதி கிடைக்கிறது: விளையும் வண்டலில் வீடு கட்ட மாட்டார்கள். ஒன்று அது மூழ்கும். மூழ்காவிட்டாலும் அந்த மண் வீட்டை விட விலை கூடியது. வெள்ளக்கோட்டுக்குச் சற்று மேலே பாறை விளிம்பு, சரளை மேடு, தீவின் முதுகு, இங்கேதான் வீடு இருக்கும்.

வெள்ளக்கோடு எது என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். பத்ன் எல் ஹஜரில் உள்ள செம்னாவில் ஆறு ஒடுங்கும் இடத்தில் எகிப்திய மன்னன் மூன்றாம் அமெனெம்ஹத் காலத்து வெள்ள அளவுகள் பாறையில் வெட்டியிருக்கின்றன. அவை 19ஆம், 20ஆம் நூற்றாண்டில் அளந்த வெள்ளத்தை விட 7, 8 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இன்றைய கரையை வைத்து அன்றைய ஊரைத் தேடினால் தவறான உயரத்தில் நடந்துகொண்டு இருப்போம்.

ஆறே இடம் மாறியும் இருக்கலாம். டோங்கோலாவின் வடபகுதியில் 1993 முதல் 1997 வரை நடந்த கள ஆய்வில், கெர்மா காலத்துக் குடியிருப்புகள் இன்றைய ஆற்றுக்குக் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி, வெறும் பாலையில் வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசைதான் வற்றிப்போன பழைய நைல் கிளைகள். வெள்ளம் தாழ்ந்துகொண்டே வர, கிளைகள் வறண்டு, ஊர்கள் கலைந்தன. மணலுக்குள் ஒளி கடைசியாகப் பட்ட காலத்தை அளக்கும் முறையில் அந்தக் கிளைகள் வற்றிய காலத்தையும் கணித்திருக்கிறார்கள். அமாரா மேற்கு என்ற ஊர் இன்னும் தெளிவான சான்று. மன்னன் முதலாம் சேத்தி காலத்தில், கி.மு. 1300 வாக்கில், ஒரு தீவின்மேல் நிறுவிய எகிப்திய நிர்வாக நகரம் அது. வடக்குக் கிளை வற்றியதும் தீவு கரையோடு ஒட்டியது. வாடைக்காற்று கொண்டுவரும் மணலைத் தடுக்க இடையில் தண்ணீர் இல்லாமல் போனது. தெருவில் மணல் ஏற ஏற வாசலையும் தரையையும் உயர்த்திக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள். கடைசியில் விட்டுப் போனார்கள்.

நொய்யலுக்கு இதை அப்படியே ஒட்டாதீங்க. கொங்கு மழைமறைவு நாடுதான். ஆனாலும் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை உண்டு. வாடி ஹல்ஃபாவில் பல ஆண்டுகளுக்குத் துளிகூட விழாது. அங்கே ஆற்றை விட்டு ஊர் நகர முடியாது. இங்கே கிணறு, குளம், ஓடை, மானாவாரிச் சோளம், கொறங்காட்டு மேய்ச்சல் எல்லாம் இருப்பதால் ஊர் ஆற்றை விட்டு 3, 4 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும். கரையோரமாக மட்டும் நடந்தால் கரையோர ஊர்தான் கிடைக்கும். அதை வைத்து எல்லா ஊரும் கரையில்தான் இருந்தது என்று எழுதிவிடாதீங்க. நடைபாதையை ஆற்றுக்குக் குறுக்காக, கரையிலிருந்து மேட்டாங்காடு வரைக்கும் போகும்படி போடுங்க.

பத்ன் எல் ஹஜர் கேள்விக்கு என் கருத்து: அங்கே ஊர்கள் உண்மையாகவே குறைவு. மண் இல்லை, ஆள் இல்லை. மேற்குக் கரை முழுக்க மணல் ஏறிக் கிடப்பதால் அங்கே தேடியும் பெரிய பயன் இல்லை.

ஓட்டுச்சில்லு எழுதியது:

தரையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு நான் சொல்கிறேனுங்க.

நூபியாவின் முதல் எதிரி காற்று. பச்சைச் செங்கல் சுவர் சரிந்ததும் அதன் மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். கனமானது மட்டும் அங்கேயே இறங்கும். ஒரு மீட்டர் தடிப்பில் மூன்று காலத்து அடுக்கு இருந்தாலும், நடுவில் இருந்த மண் போனபின் மூன்று காலத்து ஓடும் ஒரே தரையில், ஒரே தளவரிசை போலப் பரவிக் கிடக்கும். பக்கத்தில் கிடக்கிறது என்பதால் ஒரே காலம் என்று எழுதியது பழைய அறிக்கைகளில் நிறையவே உண்டு. இப்படி இறங்கிய ஓட்டைக் கண்டுபிடிக்க விளிம்பைத் தடவிப் பாருங்க: மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். மேல்முகம் மணல் தேய்த்துப் பளபளக்கும், அடிமுகம் புதுசாக இருக்கும். விளிம்பு கூர்மையாக, இரு முகமும் ஒரே மாதிரி இருந்தால் அண்மையில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது.

காற்றால் தூக்க முடியாதவைதான் வீட்டுக்குச் சாட்சி. திருகைக்கு முந்தின காலத்து அரைகல், அதுவும் கனமான அடிக்கல், ஊரை விட்டுப் போகிறவன் விட்டுவிட்டுத்தான் போவான். கதவுக் குடுமி சுழன்ற குழிக்கல், சுவருக்கு அடியில் வைத்த கல்வரிசை, அடுப்பு எரிந்து செங்கல் நிறமான மண், சாம்பல் குழி, தானியக் குழி, ஆட்டுப் புழுக்கை இறுகிய அடுக்கு. நூபியாவின் பழைய மக்களை ஆய்வாளர்கள் ஏ, சி என்று எழுத்திட்டுப் பிரிக்கிறார்கள். அதில் சி பிரிவினரின் வீடுகள் வட்டமானவை. நட்டு வைத்த கற்பலகைகளும் கல்வரிசையும் அவற்றைக் காட்டிக்கொடுத்தன. கெர்மா நகரில் 1970களிலிருந்து அகழ்ந்த சார்ல் போன்னே குழுவினர், மரக்கால் நட்ட குழிகளை வைத்தே பெரிய வட்டக் குடில்களை மீட்டார்கள். மரம் போய்விட்டது, குழிக்குள் நிரம்பிய மண்ணின் நிறம் மட்டும் இருந்தது.

அந்த நிறத்தைப் பார்க்கத் தனிப் பழக்கம் வேண்டும். அகழ்வில் மேல்மண்ணை 2, 3 சென்டிமீட்டர் சாந்துக் கரண்டியால் ஒரே திசையில் சீவி, தூரிகையால் துடைத்து, தெளிப்பானால் லேசாக நனைப்பார்கள். ஈரம் ஒரே வேகத்தில் காயாது: குழி மண் ஒரு வேகம், சுற்றியுள்ள தரை ஒரு வேகம், பச்சைச் செங்கல் ஒரு வேகம், இடையில் வைத்த சாந்து ஒரு வேகம். காயும்போது சில நிமிடங்களுக்குக் கோடு தெரியும். அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். வெயில் சாய்வாக விழும் காலை நேரமே நல்லது. உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். தண்ணீர் அதிகமானால் சேறு படர்ந்து கோடு மறையும். இது அனுமதி பெற்ற அகழ்வுக்கு உரியது. நீங்கள் செய்யக் கூடாது. ஆனால் ஓடைக்கரை இடிந்து வெட்டுமுகம் தெரியும் இடத்தில் மழை விட்ட மறுநாள் காலை போய் நின்றால், தொடாமலே இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது எதிரி உழவர். குறையாகச் சொல்லவில்லை. பழைய ஊர் மண்ணில் சாம்பலும் சாணமும் கலந்திருப்பதால் நைல் கரையில் அதை எருவாக வெட்டி வயலுக்குக் கொண்டு போவார்கள். செபாக் என்று பெயர். பல மேடுகள் அப்படித்தான் குண்டும் குழியுமாகின. மூன்றாவது கரையான். அமாரா மேற்கின் கல்லறைகளில் மரப்பெட்டிகளைக் கரையான் தின்று, வண்ணப்பூச்சின் மெல்லிய ஏடு மட்டும் மிஞ்சியது.

நம்ம பக்கம் காற்றுக்குப் பதில் கலப்பையும் ஜேசிபியும். அதைவிட ஏமாற்றக்கூடியது வண்டல். குளத்து வண்டலையும் தொழுவத்துக் குப்பையையும் காட்டில் கொட்டும்போது ஓடும் சேர்ந்தே வரும். காலங்காலமாக நடக்கிற வேலை இது. ஆகவே ஓடு கிடைத்தது என்பதே ஊர் இருந்தது என்பதாகாது. எருவோடு வந்த ஓடு சின்னதாக, மழுங்கி, காடு முழுக்க ஒரே சீராகச் சிதறிக் கிடக்கும். வரப்பைத் தாண்டினால் சட்டென்று நின்றுவிடும். குடியிருப்பின் ஓடு ஓரிடத்தில் அடர்ந்து, வெளியே போகப் போகக் குறையும். கூடவே சுட்ட மண், இரும்புக் கசடு, அரைகல் துண்டு, மணி செய்யும்போது சிதறிய கல்சில்லு ஏதாவது ஒன்றாவது இருக்கும். காட்டுக்காரரிடம் எந்தக் குளத்து மண் கொட்டினீங்க என்று கேட்காமல் ஒரு புள்ளியும் வைக்காதீங்க.

நடக்கும் முறை: உழுது முதல் மழை பெய்து மண் கழுவிய பிறகு போங்க. ஆளுக்கு ஆள் 10 மீட்டர் இடைவெளி, எல்லோரும் ஒரே வேகம். ஓடு அடர்ந்த இடத்தில் 10க்கு 10 மீட்டர் கட்டமாகக் கயிறு கட்டி எண்ணுங்க. விளிம்பு, அடிப்பாகம், கீறலோ எழுத்தோ உள்ளது, இவற்றைத் தனியாக எண்ணி, 10 சென்டிமீட்டர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே வையுங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் தரை எவ்வளவு தெரிந்தது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று எழுதுங்க. இதுதான் உங்கள் முதல் கேள்விக்கு விடை. ஓடு பூஜ்யம், தரை தெரிந்தது 90 என்றால் அங்கே இல்லை என்று சொல்லலாம். ஓடு பூஜ்யம், மஞ்சள் பயிர் மூடித் தரை தெரிந்தது 5 என்றால் அது பார்க்காத நிலம். வரைபடத்தில் அதை வெள்ளையாக விடாமல் வேறு நிறத்தில் காட்டுங்க. பூஜ்யத்தை எழுதாத கள ஆய்வை வைத்துப் பின்னால் வருபவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நொய்யல்கரை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. தரை தெரிந்த அளவை எழுதும் யோசனை எங்களுக்குத் தோணவே இல்லை; படிவத்தில் அந்தப் பத்தியைச் சேர்த்தாச்சு. பானைக் கேள்வியை யாராவது எடுத்துக்கோங்க. வட்டத்தில் பாதிப் பேர் கெர்மாவுக்கும் கொங்குக்கும் நேர் உறவு என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

சூளைமண் எழுதியது:

நிறத்தை வைத்து உறவு சொல்ல முடியாதுங்க. களிமண்ணில் உள்ள இரும்பு, காற்றோட்டத்தில் வெந்தால் சிவக்கும். காற்று அடைபட்டுப் புகையில் வெந்தால் கரி ஏறிக் கறுக்கும். பானையை வாய் கீழாகக் கவிழ்த்து, வாய்ப்பக்கத்தைப் பதரிலோ சாம்பலிலோ புதைத்துச் சுட்டால் வாயும் உள்முகமும் கறுப்பாகவும் வெளியே நீட்டிய அடிப்பாகம் சிவப்பாகவும் வரும். உலகில் யார் செய்தாலும் இதே நிறம்தான் வரும், ஏனென்றால் இது வேதியியல். நைல் பள்ளத்தாக்கில் கி.மு. 4000க்கு முன்பிருந்தே இந்த வேலை நடக்கிறது.

வேறுபாடு நிறத்தில் கிடைக்காது, செய்த விதத்தில் கிடைக்கும். கெர்மாவின் உயர்ந்த காலத்து, அதாவது கி.மு. 1750 முதல் 1500 வரையிலான குவளைகள் கையால் செய்தவை. சக்கரம் இல்லாமலே சுவர் 2, 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு மெலிந்திருக்கும். வாய் அல்லிப்பூ மாதிரி வெளியே விரியும். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒழுங்கில்லாத ஒரு சாம்பல்வெள்ளிப் பட்டை ஓடும். கொடுமணல் கறுப்பு சிவப்பு ஓடு சக்கரத்தில் வனைந்தது. உள்முகத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் இணைகோடுகள் தெரியும். முறிவைப் பாருங்க: தடிப்பு சுற்றிலும் சீராக இருந்தால் சக்கரம், ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் கை. ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரிய பானையின் அடியைச் சக்கரத்திலிருந்து இறக்கியபின் பலகையால் தட்டி விரிப்பது நம்ம குயவர் வழக்கம், அந்தப் பகுதியில் இணைகோடு அழிந்திருக்கும். அடிப்பாகத் துண்டை மட்டும் வைத்துக் கையால் செய்தது என்று எழுதிவிடக் கூடாது. கழுத்தோ விளிம்போ கிடைத்தால்தான் தீர்ப்பு.

காலமும் ஒட்டாது. கெர்மா வீழ்ந்து ஆயிரம் ஆண்டுக்கு அப்புறம்தான் கொடுமணலில் மணித் தொழிலும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வருகின்றன.

உறவு தேடுகிறவர்கள் பானையை விட்டுவிட்டு மணியைப் பாருங்க. கீழ் நூபியாவில் கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை நோபாடியா அரசு இருந்த காலத்துக் கல்லறைகளில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றில் ஒரு பகுதியில் அலுமினா மிகுதி. அந்தக் கூட்டு தென்னிந்தியா, இலங்கைக் கண்ணாடிக்கு உரியது, எகிப்து, சிரியாக் கண்ணாடியில் அது இல்லை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள்தான். வேதிப் பகுப்பாய்வு செய்த பிறகே பிரிந்தது. அவை செங்கடல் துறைமுகங்கள் வழியாகப் போயிருக்க வேண்டும். பெரெனிகே துறைமுகத்தின் கோயில் முற்றத்தில் 7.55 கிலோ கருமிளகு இந்தியச் சாடியிலேயே கிடைத்தது. குசைர் அல் கதீமில் 'பானை ஒறி' (பானை வைக்கும் உறி) என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு கிடைத்தது. இவை எகிப்தின் கடற்கரையில் கிடைத்தவை, நூபியாவின் ஆற்றங்கரையில் இல்லை. இந்த வேறுபாட்டை உங்கள் வட்டத்தில் அழுத்திச் சொல்லுங்க. நம்ம கொங்குப் படியூரின் பெரில் இனப் பச்சைக்கல் நைல் கரைக்குப் போனதென்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். எகிப்தின் கீழைப் பாலையிலேயே சிகைத்தில் அதே இனக் கல்லுக்குச் சுரங்கம் இருந்தது. ஆகவே அங்கே ஒரு பச்சைக்கல் மணி கிடைத்தால் அது எந்த ஊர்க் கல் என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

கவலைச்சால் எழுதியது:

கரடுமேடு அண்ணா எழுதியதில் ஒரு பகுதியை மறுக்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

பத்ன் எல் ஹஜரில் ஊர் குறைவு என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாதுங்க. இடைக்காலக் கிறிஸ்தவ நூபியாவின் பிற்பகுதியில், வடக்கே சமவெளியில் பாதுகாப்புக் குறைந்தபோது, அந்தப் பாறைக்காட்டுக்குள்தான் குடிகள் பெருகின. குலுப்நார்த்தி அப்படி ஒரு இடம். வில்லியம் ஆடம்ஸ் 1969இல் அங்கே குடியிருப்பையும் 1979இல் இரண்டு இடுகாடுகளையும் அகழ்ந்தார். வறண்ட மண்ணில் உடல்கள் தோலும் முடியுமாகவே காய்ந்து கிடைத்தன. படகு போக முடியாத ஆறு, குதிரை ஏற முடியாத கரை. விளைச்சலுக்குக் கெட்ட நிலம் ஒளிந்து வாழ நல்ல நிலமாகிறது. நம்ம பக்கமும் கரடுகளில் இருக்கும் தடயங்களை இந்தக் கோணத்திலும் ஒருமுறை பாருங்க.

இன்னொன்று, எதைத் தேடினார்கள் என்பது. முதல் நூபியக் கள ஆய்வு 1907இல் தொடங்கி 1911 வரை நடந்தது. பழைய அஸ்வான் அணையை உயர்த்தப் போகிறார்கள் என்பதால் அவசரமாக நடந்த வேலை. தொடங்கிவைத்த ஜார்ஜ் ரைஸ்னரின் கவனம் பெரும்பாலும் கல்லறைகள்மேல் இருந்தது. கல்லறை கண்ணுக்குத் தெரியும், பொருள் முழுசாகக் கிடைக்கும், வேலை சீக்கிரம் முடியும். கரைந்த மண்வீடு அப்படி இல்லை. அதனால் நூபியாவின் ஆதி மக்களை வெகுகாலம் கல்லறை வழியாகவே அறிந்தோம். அதிலிருந்தும் ஒரு பெரிய பிழை வந்தது. ஏ பிரிவு, சி பிரிவு என்ற இரண்டுக்கும் நடுவே, பொருள் அதிகமில்லாத எளிய கல்லறைகளை பி பிரிவு என்று தனி மக்களாகவே ரைஸ்னர் வகுத்தார். 1966இல் எச். எஸ். ஸ்மித் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்து, அப்படி ஒரு பிரிவே இல்லை என்று காட்டினார். கொள்ளை போன குழிகளையும் ஏழைகளின் குழிகளையும் சேர்த்து ஒரு இனமாக்கி அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். கொடுமணல் பக்கம் கல்வட்டங்களைப் பதிவு செய்யும்போது, உள்ளே ஒன்றும் இல்லாத வட்டத்துக்கு முதல் காரணமாகக் கொள்ளையையும் கல் எடுத்ததையும் எழுதுங்க. தனிக் காலம், தனி மக்கள் என்பது கடைசியாக வரட்டும்.

தண்ணீர் பற்றி யாரும் எழுதவில்லை. நைல் கரையில் ஏற்றம் கி.மு. 2ஆம் ஆயிரத்தின் பிற்பாதியில் வருகிறது. மாடு சுற்றும் சகியா என்ற சக்கரம் நூபியாவில் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பரவுகிறது. அது வந்ததும் வெள்ளம் எட்டாத மேட்டிலும் கோடையிலும் பயிர் வைக்க முடிந்தது, ஊர் எண்ணிக்கை கூடியது. சக்கரத்தில் கயிற்று வடத்தில் வரிசையாகக் கட்டிய மண்சாடிகள்தான் நீரை அள்ளும். கயிறு பிடிக்க இடுப்பு ஒடுங்கியிருக்கும், அடியில் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் ஒரு கட்டத்தில் கிடைத்தால், அந்தத் தரையில் சகியா வந்ததற்குப் பிந்தின நடமாட்டம் உண்டு என்று துணிந்து எழுதலாம். எண்ணும்போது குமிழை மட்டும் எண்ண வேண்டும். சாடிக்கு ஒரு குமிழ்தான், உடல் ஓடு எத்தனை துண்டாகவும் உடையும். இந்தச் சாடிகள் கிணற்றுச் சுவரில் மோதி ஓயாமல் உடைபவை என்பதால், குவியல் பெரிதாக இருந்தால் ஊர் பெரிது என்றும் நினைக்கக் கூடாது. குவியல் இருக்குமிடம் சக்கரக் கிணறு, வீடு அங்கே இல்லை. மாடு கட்டி இறைக்கும் நம்ம கவலையில் சாலும் தும்பியும் (நீர் அள்ளும் வாளியும் அதன் தோல் வாலும்) மண்ணாலானவை இல்லை என்பதால் இப்படி ஒரு சாட்சியும் மிஞ்சாது. கிணற்று மேட்டில் மாடு இறங்கி ஏறிய சரிவையும் வடம் தேய்த்த கல்லையும்தான் பார்க்க வேண்டும்.

கல்சுவர்களையும் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் தூண்டில் வளைவு கட்டுகிறார்களே, அதே மாதிரி ஆற்றுக்குள் கரையிலிருந்து குறுக்காக நீட்டிய கல்சுவர்கள் முதல் கேட்டரக்ட்டிலிருந்து நான்காவது வரைக்கும் ஆயிரத்துக்கு மேல் இருப்பதை செயற்கைக்கோள் படம், பழைய வான்படம், களநடை மூன்றையும் சேர்த்துக் கணக்கெடுத்து 2023இல் வெளியிட்டார்கள். வெள்ளம் சுவரில் தட்டி வேகம் குறைந்ததும் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். ஆண்டுக்கு ஆண்டு நிலம் வளரும். அமாரா மேற்கின் வற்றிய கிளைக்குள் இருப்பவை சுமார் 3,000 ஆண்டுப் பழமையானவை. சில பெருஞ்சுவர்கள் 5 மீட்டர் தடிப்பும் 200 மீட்டர் நீளமும் கொண்டு, நீரோட்டத்தை ஒதுக்கிப் படகுக்கு வழிவிட்டன. 1970கள் வரைக்கும் உழவர்கள் இவற்றைக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் பார்க்க வெறும் கற்குவியல்தான். ஆகவே ஓடைக்குள் கல் வரிசையாகக் கிடந்தால் வெள்ளம் புரட்டியது என்று தாண்டிப் போகாதீங்க. வெள்ளம் புரட்டிய கல் பெரியது சிறியது கலந்து, நீண்ட பக்கம் ஓட்டத்துக்கு ஏற்பச் சாய்ந்து கிடக்கும். கை வைத்துக் கட்டியதில் அடியில் பெரிய கல் இரு பக்கமும் முகம் காட்டி நிற்கும், நடுவில் சில்லு நிரப்பியிருக்கும், மேலோட்டப் பக்கம் மண் உயர்ந்தும் கீழ்ப்பக்கம் பள்ளமாகவும் இருக்கும். இரு பக்கத் தரையின் உயர வேறுபாட்டையும் அளந்து எழுதுங்க.

கரடுமேடு எழுதியது:

தம்பி சொன்னது சரி. காலத்தைக் குறிக்காமல் எழுதியது என் பிழை. மேற்குக் கரை பற்றி நான் எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன்: மணல் மூடியது என்பது ஊர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மணல் மூடினால் காற்றின் தேய்ப்பிலிருந்து சுவர் காக்கப்படவும் செய்யும். அமாரா மேற்கின் வீடுகள் தலையளவு நிற்பது அதனால்தான்.

அணை பற்றி ஒரு குறிப்பு சேர்க்கிறேன், நம்ம பக்கத்துக்கு நேரடியாகப் பொருந்துவதால். 1960இல் யுனெஸ்கோ விடுத்த அழைப்பின்பேரில் பல நாட்டுக் குழுக்கள் வந்து, உயரணை நீர் மூழ்கடிப்பதற்கு முன் அபு சிம்பல் கோயில்களை வெட்டித் தூக்கி மேலே வைத்தன. எகிப்தியர் இரண்டாம் கேட்டரக்ட் பக்கம் கட்டிய பூஹன் போன்ற பச்சைச் செங்கல் கோட்டைகளைத் தூக்க முடியாது. அளந்து வரைந்துவிட்டு நீருக்கு விட்டார்கள். இரண்டாம் கேட்டரக்ட் கோட்டைகள் எல்லாமே போய்விட்டன என்றுதான் பல பத்தாண்டுகள் எண்ணியிருந்தார்கள். அப்புறம் பார்த்தால், குன்றின் உச்சியில் இருந்த உரோனார்த்தியும் ஷல்ஃபக்கும் நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுகொண்டு இருந்தன. உரோனார்த்தியில் 2012 முதல் மறுபடியும் ஆய்வு நடந்தது. யாரோ ஒருவர் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பவானிசாகர் அணைக்குள் மூழ்கிய தணாயக்கன் கோட்டையும் நீர் தாழும் கோடையில் தலைகாட்டும். அங்கே கல் நிற்கிறது. நனைந்து காய்ந்து நனைந்து காயும் மண்சுவரும் காரையும்தான் ஒவ்வொரு சுற்றிலும் கரையும். உங்கள் வட்டம் அங்கே போனால் ஒவ்வொரு ஆண்டும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் படம் எடுங்க; அன்றைய அணை நீர்மட்டத்தை அடியில் எழுதுங்க. நீர்மட்டம் எழுதாத படத்தைப் போன ஆண்டுப் படத்தோடு ஒப்பிட முடியாது. ஒரத்துப்பாளையம் அணைப் பகுதியில் நடக்கும்போது படிந்திருப்பது சாயக்கழிவு கலந்த வண்டல் என்பதால் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், ஓட்டைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்க. எழுத்து கீறிய ஓடு கண்ணில் பட்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்து மாநிலத் தொல்லியல் துறைக்கோ ஈரோடு அருங்காட்சியகத்துக்கோ எழுத்தில் தெரிவியுங்க. கூடவே அந்தக் காட்டில் வண்டல் கொட்டியது உண்டா, இல்லையா என்பதையும் ஒரு வரி.